பச்சையும் வெள்ளையும்

தெருவைத் தோண்டியவர்கள் தண்ணீர்க் குழாயைத் தேடித்தான் தோண்டினார்கள். கிடைத்தது வேறு. விரல் தடிமனில் கறுப்பாக ஒன்று மண்வெட்டியில் பட்டு இரண்டாகி, குழியின் இரு பக்கமும் தலை நீட்டிக்கொண்டு கிடந்தது. மேஸ்திரி குனிந்து பார்த்து, "வேர் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே மண்ணைத் தள்ளச் சொன்னார். அந்த வேரோடு தெருவில் இருந்த அத்தனை வீட்டு இன்டர்நெட்டும் போய்ச் சேர்ந்தது.

காயில்காரர் அப்போது கடை வாசலில் உட்கார்ந்து, ஒரு மோட்டாரின் கருகிய சுருளை உளியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது அவர் தொழில். அதனால் தெருவுக்கு அவர் காயில்காரர். வயதில் சின்னவர்களுக்குக் காயில் அண்ணன். சொந்தப் பெயரை மின்சார ரசீதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. கருகின வார்னிஷ் வாசனையும் டீ கொதிக்கிற வாசனையும் அந்தத் திரையில்தான் சந்தித்துக்கொள்ளும்.

"என்னங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "நெட் போயிடுச்சு."

அவர் உளியை வைத்துவிட்டு எழுந்தார். வழக்கமான நாளாக இருந்தால், வந்துவிடும் என்று சொல்லி உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருப்பார். இன்றைக்கு மூன்று மணிக்கு அவளுக்குப் பரீட்சை.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் டைப்பிஸ்டாக இருந்தவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து வைத்த அறிக்கைகளைக் காதில் மாட்டிக் கேட்டு, பிசகில்லாமல் தட்டித் தருவாள். பிறகு அந்த மருத்துவமனையை வேறொரு பெரிய மருத்துவமனை வாங்கியது. வாங்கியவர்கள் ஆட்களைக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு சாயங்காலம் மேஜை இழுப்பறையில் இருந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றியபடியே, "நான் எக்ஸ்ட்ராவாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் சிரிக்கிறாளே என்று சிரித்துவிட்டார். அன்றைக்கு அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

இப்போது ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. அதே வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் முதலில் ஒரு பரீட்சை: அவர்கள் அனுப்புகிற குரலைக் கேட்டு, அவர்களுடைய இணையதளத்திலேயே தட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். ஒருமுறைதான். தவறினால் மறுபடி கூப்பிடமாட்டோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

"லைன்காரங்களுக்கு ஃபோன் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன். மழை விட்டதும் வருவாங்களாம். எப்ப விடும்னு கேட்டேன். அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மாங்கறான்."

மழை விடுகிற மழையாகத் தெரியவில்லை. பெரிதாகவும் பெய்யாமல், நிற்கவும் நிற்காமல், காலையிலிருந்து பிடிவாதமாகத் தூறிக்கொண்டிருந்தது. குழியின் மேல் போட்ட பலகைகளில் சேறு வழுக்கியது. தெருவில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. திறந்திருந்தது இவர் கடையும், எதிரே இஸ்திரிக்காரர் கடையும்தான்.

"உன் நாத்தனாரைக் கேளு" என்றார் காயில்காரர். அவருடைய தங்கை வேறு ஊரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் பழுதானவர்கள் ஃபோனில் அழ, அவர்களுக்கு ஆறுதல் சொல்லிச் சரிசெய்வது அவள் வேலை. மனைவி தன் பட்டன் ஃபோனில் அவளைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, பதறாதீங்க" என்றாள் தங்கை. "அண்ணன்கிட்ட டச் ஃபோன் இருக்குல்ல? அதுல நெட் வருதா?"

"வருது."

"அப்ப கவலையே இல்ல. அந்த நெட்டை அப்படியே கம்ப்யூட்டருக்கு வாங்கிக்கலாம். உங்க கம்ப்யூட்டருக்கு வைஃபை கிடையாது, அது ராஜா காலத்துது. கேபிள்ல குடுக்கலாம். சார்ஜ் போடற கேபிள் இருக்குல்ல, அதோட ஒரு முனைய ஃபோன்ல சொருகுங்க, இன்னொரு முனைய கம்ப்யூட்டர்ல சொருகுங்க."

"இவ்வளவுதானா?" என்றார் காயில்காரர்.

"இவ்வளவுதான்ணா. தொட்டியிலேருந்து டியூப் போட்டு பக்கெட்டுக்குத் தண்ணி விடற மாதிரி."

அவருக்கு அது பிடித்திருந்தது. தொட்டி, டியூப், தண்ணீர் என்றால் அவருக்குப் புரிகிற விஷயம். ஆணியில் தொங்கிய கேபிளை எடுத்து மேஜையில் வைத்தார். வைக்கும்போது ஒரு சின்னப் பெருமையும் கூடவே வந்தது. அந்தக் கேபிள் ஒருமுறை கதவிடுக்கில் மாட்டி அறுந்துபோனது. வேறு வாங்கலாம் என்று மனைவி சொன்னாள். "காயில்காரன் வீட்டுல ஒயர் வாங்கறதா?" என்று கேட்டுவிட்டு அவரே ஒட்டுப்போட்டு, மேலே கறுப்பு ஸ்லீவ் உறையை மாட்டிச் சூடு காட்டி இறுக்கினார். ஒட்டு இருப்பதே தெரியாது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "இதுல ஒட்டு எங்க இருக்கு சொல்லு பாப்போம்" என்று காட்டியிருக்கிறார்.

மனைவி இரண்டு முனைகளையும் சொருகினாள்.

"கம்ப்யூட்டர்ல டிங்னு ஒரு சத்தம் வந்துச்சா அண்ணி?"

"இல்லையே."

"ஃபோன்ல சார்ஜ் ஏறுதா?"

"ஏறுது."

"சரி, ஃபோன்ல செட்டிங்ஸ் போங்க. ஹாட்ஸ்பாட்னு இருக்கும். உள்ள யூ.எஸ்.பி. டெதரிங்னு ஒரு வரி. அதைத் தள்ளி விடுங்க."

மனைவி விரலால் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். பக்கத்து வரிகளெல்லாம் கறுப்பாக இருக்க, அந்த ஒரு வரி மட்டும் தண்ணீரில் நனைந்த காகித எழுத்து மாதிரி வெளுத்துப்போய் இருந்தது.

"தள்ள மாட்டேங்குது. மங்கலா இருக்கு."

"கேபிளைக் கழட்டி மாட்டுங்க."

கழற்றி மாட்டினார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் மாட்டினார்கள். ஃபோனை அணைத்து எழுப்பினார்கள். கேபிளின் முனையை வாயால் ஊதினார்கள். அந்த வரி அசையவில்லை. மேஜைக்கு மேலே கூரையில் ஓடிய ஃபேன் தன் வழக்கப்படி டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் குடையை மடக்கிக்கொண்டு இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எதிர்வீட்டு நடமாட்டம் எதுவும் தப்பாது. "என்ன அண்ணே, ரெண்டு பேரும் ஒரு ஃபோனை ஊதிக்கிட்டிருக்கீங்க? சூடா இருக்கா?"

"சும்மா இருய்யா" என்றார் காயில்காரர்.

ஃபோனில் தங்கை, "சில கேபிள் சார்ஜ் மட்டும் போகும், விஷயம் போகாது. வெளியில மட்டமா வாங்கினதா?" என்றாள்.

"ஃபோன் பெட்டியோட வந்ததும்மா" என்றாள் மனைவி.

"அப்ப போகணுமே. எங்கயாவது அறுந்து ஒட்டியிருக்கா?"

காயில்காரர் கேபிளைப் பார்த்தார். முதல்முறையாக அந்த ஒட்டு இருக்கும் இடம் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான்தான் ஒட்டினேன்" என்றார். "நல்லா ஈயம் வெச்சு ஒட்டினதும்மா. இழுத்தாலும் வராது."

"எத்தனை ஒயர்ணா ஒட்டுன?"

"சிவப்பு, கறுப்பு. ரெண்டும்."

"பச்சையும் வெள்ளையும்?"

பச்சையும் வெள்ளையும் இருந்தது உண்மை. தலைமுடி போல மெல்லிசாக இரண்டு ஒயர். கரண்ட் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. ஒரு விளக்குக்கானாலும் மில் மோட்டாருக்கானாலும் அதுதான் நியாயம். வேலை இல்லாமல் சும்மா வருகிற இரண்டு எதற்கு என்று யோசித்து, ஒன்றோடொன்று உரசிவிடப் போகிறதே என்ற அக்கறையில், இரண்டையும் நன்றாக உள்ளே தள்ளி ஒட்ட வெட்டிவிட்டார். சார்ஜ் ஏறியது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

"அது..." என்றார். "அது எக்ஸ்ட்ரான்னு நெனச்சேன்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அது கோபமாக இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"அண்ணா" என்றாள் தங்கை, "அது ரெண்டுலதான் பேச்சே போகும். நீ சோத்துக்கு வழி வெச்சுட்டு வாயைத் தைச்சு வெச்சிருக்க."

இஸ்திரிக்காரர் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். "வேற கேபிள் வாங்கிட்டு வரவா?" என்று கேட்டவர், தானே தெருவைத் திரும்பிப் பார்த்தார். இறங்கிய ஷட்டர்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. "என்கிட்ட இருக்கறது தடி முனை சார்ஜர்" என்று தன் பட்டன் ஃபோனுக்காக மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

காயில்காரர் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு கடைப்பக்கம் போனார். ஈயம் உருக்கும் சால்டரைச் சூடேற வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தான் பெருமையாக இறுக்கிய ஸ்லீவைப் பிளேடால் கீறினார். அது அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. நல்ல வேலை. தன் வேலையையே திட்டிக்கொண்டு உரித்தார்.

உள்ளே பச்சையும் வெள்ளையும் இரண்டு பக்கமும் குட்டையாக நின்றன. எட்டிப் பிடித்துக் கட்ட நீளம் இல்லை. இடையில் ஒரு விரல் அகலம் வெட்டவெளி.

"என்னங்க, ஆகுமா?" திரைக்கு அந்தப்பக்கமிருந்து குரல்.

"ஆகும்" என்றார். ஆகுமா என்று அவருக்கே தெரியாது. மோட்டாரை அவருக்குத் தெரியும். சுருள் சூடாகும், நாறும், புகையும். எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இந்த இரண்டு ஒயரும் எதுவும் சொல்லவில்லை. இவற்றுக்குள் குரல் போகும் என்கிறார்கள். யாரோ ஒரு டாக்டர் எங்கேயோ பேசியது மழையில் பறந்து வந்து, இந்த முடியிழைக்குள் நுழைந்து, அவள் காதுக்குப் போக வேண்டும். அதை அவர் நினைக்காமலிருக்கப் பார்த்தார்.

ஃபேன் காயில் சுற்றுகிற சன்னக் கம்பி அலமாரியில் இருந்தது. அதில் துளி வெட்டி எடுத்து, மேலே பூசியிருந்த வார்னிஷை நகத்தால் சுரண்டி, பிளேடால் சுரண்டி, செம்பு சிவந்து தெரிகிறவரை தேய்த்தார். பச்சைக்குப் பச்சை. வெள்ளைக்கு வெள்ளை. இஸ்திரிக்காரர் டார்ச் பிடித்தார். சால்டரின் நுனி தொட்டதும் ஈயம் கண்ணீர் மாதிரி உருண்டு இறுகியது.

"மூச்சு விடாதய்யா, ஒயர் பறக்குது."

"நான் விடலைண்ணே. நீங்கதான் விடறீங்க."

இரண்டுக்கும் இடையே ஒரு துண்டு டேப். ஸ்லீவ் மாட்ட நேரமில்லை. அப்படியே உள்ளே கொண்டுபோய் மனைவியின் கையில் கொடுத்தார். அவள் ஃபோனில் ஒரு முனையைச் சொருகினாள். கம்ப்யூட்டரில் மற்றதைச் சொருகினாள்.

டிண்-டிங்.

அவ்வளவு சின்னச் சத்தம். பட்டன் ஃபோனுக்குள்ளிருந்து தங்கை, "கேட்டுச்சு, கேட்டுச்சு, எனக்கே கேட்டுச்சு" என்றாள். மனைவி ஃபோனைக் கையில் எடுத்தாள். வெளுத்துக் கிடந்த வரி, மற்ற வரிகளோடு சேர்ந்து கறுப்பாகியிருந்தது. தள்ளினாள். நகர்ந்தது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறி போய், தளம் திறந்து, அவள் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது.

"அண்ணி, முக்கியமான ஒண்ணு" என்றாள் தங்கை. "பரீட்சை நடக்கறப்ப யாராவது அந்த ஃபோனுக்குக் கூப்பிட்டா நெட் தடுக்கும். பழைய ஃபோன். வர்ற ஃபோன்காலையெல்லாம் வேற நம்பருக்குத் திருப்பி விட்டுடுங்க."

டச் ஃபோனின் நம்பர் கடையின் பெயர்ப்பலகையில் முழ நீளத்துக்கு எழுதியிருக்கும் நம்பர். மழைநாளில்தான் பம்புகள் எரிந்து வேலை வரும். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "திருப்பு" என்றார் அவர், வேறெதுவும் யோசிக்காதவர் மாதிரி. ஃபோன்கால்களையெல்லாம் பட்டன் ஃபோனுக்குத் திருப்பி, தங்கைக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, பட்டன் ஃபோனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தார்கள்.

"யாராவது கூப்பிட்டா என்ன சொல்லணும்?"

"அப்புறம் கூப்பிடச் சொல்லு. இந்தப் பக்கம் யாரையும் விடாத."

"எங்கிட்ட விடுங்க" என்று சொல்லி, அவர் பெரிய பொறுப்பை ஏற்றவராகப் பலகையில் வழுக்கிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்.

குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று மனைவி ஃபேனை நிறுத்தினாள். டொக் டொக் நின்றதும் அறை வேறு அறையாகிவிட்டது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முந்தானையால் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "நான் போறேன்" என்று கிளம்பியவர், போகவில்லை. தான் போட்ட ஒட்டை அவர் பார்த்தார். மேஜை விளிம்பில் அது அம்மணமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதல்முறையாகத் தன் வேலையை அவரால் நம்ப முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒட்டு இருந்த இடத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே, நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

தட்டச்சுச் சத்தம் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் இப்படித் தட்டி அவர் கேட்டதில்லை. முதலில் தயங்கித் தயங்கி, நனைந்த படியில் இறங்குகிறவளைப் போல. பிறகு ஒரு வேகம் பிடித்தது. வெளியே மழை தகரத்தில் விழுவதற்கும் இதற்கும் ஒரு போட்டி நடந்து, சற்று நேரத்தில் மழை பின்தங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கீழேயிருந்து பார்த்தால் அவள் தாடை மட்டும்தான் தெரிந்தது. அது இறுகியிருந்தது. காதோரம் வியர்வை இறங்கியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை, அவருக்கும் இல்லை.

வாசல் திரை விலகியது. மகளிர் விடுதி நடத்துகிற அம்மா, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, பதறிய முகத்தோடு நின்றிருந்தார். காயில்காரர் உதட்டில் விரல் வைத்தார். அந்த அம்மா அவர் அருகில் குனிந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" கிசுகிசுப்பு.

"எனக்கு என்ன?"

"ஃபோன் எடுத்தவரு, ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு, யாரும் உள்ள போகக் கூடாதுன்னாரு. மனசு கேக்கல, ஓடி வந்தேன்."

"அந்த மனுஷனை..." என்று ஆரம்பித்து அடக்கிக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா. இவளுக்குப் பரீட்சை."

"அப்ப நீங்க ஏன் தரையில ஒயரைப் பிடிச்சுக்கிட்டு? ஷாக் அடிச்சுடுச்சா?"

"இல்லம்மா. விட்டா போயிடுமோன்னு."

அந்த அம்மா ஒயரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேலே தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். "பம்பு எரிஞ்சு போச்சு. பொண்ணுங்க குளிக்கத் தண்ணி இல்ல. இப்பவே வரணும்."

"முடிஞ்சதும் வர்றேன்."

"எப்ப முடியும்?"

"அது அவ கையில இருக்கு."

கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தார். அந்த அம்மாவோ ஈரக்குடையைச் சத்தமில்லாமல் சாய்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பழைய மோட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல், மேஜையில் கிடந்த ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து மனைவியின் பக்கமாக மெல்ல விசிற ஆரம்பித்தார். மனைவி திரும்பவில்லை. ஆனால் அவள் தோள் கொஞ்சம் இறங்கியதை அவர் பார்த்தார்.

சத்தம் நின்றது.

மனைவி கடைசியாக ஒரு விசையைத் தட்டினாள். ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. காயில்காரரின் விரல்கள் தாமாகவே இன்னும் இறுகின. வட்டம் சுற்றிச் சுற்றி, பிறகு எழுத்தாக மாறியது. அவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்க முடியவில்லை. அவள் வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"என்னவாம்?" அவரால் தாங்க முடியவில்லை.

"எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "திங்கக்கிழமையிலேருந்து வேலை அனுப்புவாங்களாம். தப்பு ரொம்பக் கம்மின்னு போட்டிருக்கு."

விடுதிக்கார அம்மா அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அது அந்த அறையில் பெரிய சத்தமாகக் கேட்டது. காயில்காரர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க" என்றாள் மனைவி, குனிந்து அவர் விரல்களைப் பிரித்தபடி. "முடிஞ்சிடுச்சு. விடுங்க."

விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவர் கை விலகியதும் ஒட்டு மேஜை விளிம்பில் தானாகத் தொங்கியது. ஃபோனில் அந்த வரி கறுப்பாகவே இருந்தது. அவர் பிடித்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. அதை அவளும் பார்த்தாள்.

பம்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. வரும் வழியில் இஸ்திரிக்காரரை நாலு வார்த்தை கேட்டார். "பொய் என்ன சொன்னேன்? ஆபரேஷன்தானே நடந்துச்சு? நான்தான் டார்ச் பிடிச்சேன்" என்றார் அவர். அதற்கு மேல் திட்ட வரவில்லை.

மனைவி டீயும் ரஸ்க்கும் வைத்தாள். அவர் குடிக்காமல் அலமாரியின் மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். வீட்டில் எதைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சும். "அது எக்ஸ்ட்ரா" என்று சொல்லி அந்த டப்பாவில் போடுவது அவர் பழக்கம். மிக்ஸியின் திருகு, குடையின் ஒரு கம்பி, சுவர்க்கடிகாரத்தின் பல்சக்கரம், எல்லாம் அதில் இருந்தன. மொத்தத்தையும் தரையில் கொட்டி, விரலால் துழாவி, ஒரு ரப்பர் வாஷரை எடுத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா."

ஃபேனின் மேல் கிண்ணத்தை இறக்கி, வாஷரை அதன் இடத்தில் உட்கார வைத்து, மறுபடி முடுக்கினார். சுவிட்சைப் போடச் சொன்னார். ஃபேன் ஓடியது. இருவரும் டொக் வருவதற்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

மனைவி தரையில் உட்கார்ந்து, கொட்டியதைத் திரும்ப டப்பாவில் அள்ளினாள். நடுவே எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள். நகக்கண் அளவில் இரண்டு துண்டு ஒயர். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. கேபிளை முதலில் ஒட்டிய அன்றைக்கு வெட்டிப் போட்டவை.

"இது எங்க போகும்?" என்று கேட்டாள்.

அவர் ஸ்டூலில் நின்றபடியே நன்றாகக் குனிந்து பார்த்தார். கேபிளை நினைத்துப் பார்த்தார். இனிமேல் அதில் இவற்றுக்கு இடம் இல்லை.

"இது எங்கயும் போகாதும்மா" என்றார் மெதுவாக. "இது நெசமாவே எக்ஸ்ட்ரா."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கண்ணோரத்தில் வந்தது, பிறகு உதட்டுக்கு இறங்கியது, பிறகு தோள் குலுங்க, கையிலிருந்த இரண்டு துண்டும் தெறித்து விழ, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு முழுசாக வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவர் சிரித்தார்.